சால்மன் கிடக்கட்டும், முதலில் அந்த மாத்திரையைக் கைவிடுங்கள்

கேள்வி: லண்டனில் இருக்கிறேன். 26 வாரக் கர்ப்பம். ஒன்பது நாளைக்கு முன் சால்மன் மீன் துண்டுகள் மேல் பூண்டும் சதகுப்பைக் கீரையும் (dill) கலந்த க்ரீம் சீஸைப் பூசி, 200 டிகிரி ஓவனில் கால் மணி நேரத்துக்கு மேல் சுட்டுச் சாப்பிட்டேன். அன்றிரவே ஃப்ரிட்ஜில் வைத்த மிச்சத்தை மறுநாள் ஆபீஸில் சூடு பண்ணாமலே சாப்பிட்டேன். அப்புறம்தான் இணையத்தில், சாப்பாடு வழியாகத் தொற்றும் லிஸ்டீரியா என்ற கிருமி பற்றிப் படித்தேன். 70 நாள் கழித்தும் வருமாமே! மீனில் பாதரசம், புழு, மேலே வந்த வெள்ளைத் திட்டு, சதகுப்பைக் கீரை கருவைக் கலைக்கும் என்பது, மீனும் பாலும் சேர்ந்தால் குழந்தைக்கு வெண்குஷ்டம் வரும் என்று மாமியார் சொல்வது, எல்லாமே பயமாக இருக்கிறது. காய்ச்சல் இல்லை. முன்னெச்சரிக்கையாக, ஊரிலிருந்து கொண்டுவந்த செஃபிக்ஸிம் என்ற ஆண்டிபயாடிக் மாத்திரை இரண்டு போட்டுக்கொண்டேன். மலப் பரிசோதனை செய்யவா?

பதில்: முதலில் அந்த செஃபிக்ஸிம். மீனைப் பற்றி அப்புறம் பேசலாம்.

நீங்கள் பயப்படுகிற லிஸ்டீரியாவை அந்த மாத்திரை ஒன்றுமே செய்யாது. செஃபிக்ஸிம் மட்டுமல்ல, செஃபலோஸ்போரின் என்கிற அந்தக் குடும்பத்து மருந்துகள் எதற்கும் இந்தக் கிருமி மசியாது. மருத்துவக் கல்லூரியில் எங்கள் மண்டையில் குட்டிக் குட்டி ஏற்றிய பாடம் இது. இதற்கு மருந்து ஆம்பிசிலின், அதுவும் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து ரத்தக் குழாய் வழியாக. பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வேறு உண்டு. அதையும் அங்கேதான் முடிவு செய்வார்கள். நீங்கள் விழுங்கிய இரண்டு மாத்திரையால் குழந்தைக்குக் கெடுதல் வராது. ஆனால் 'அதான் மாத்திரை போட்டாச்சே' என்ற தைரியத்தில், நாளைக்கே ஒரு காய்ச்சல் வந்தால் அலட்சியமாக இருந்துவிடுவீர்கள். எனக்குக் கவலை அதுதான். ஊரிலிருந்து வடகம் கொண்டு போங்கள், ஊறுகாய் கொண்டு போங்கள். பாதி தீர்ந்த ஆண்டிபயாடிக் அட்டை எதற்கு? மிச்சத்தைப் பக்கத்து மருந்துக் கடையில் கொடுத்துவிடுங்கள், அவர்களே அப்புறப்படுத்துவார்கள்.

இத்தனை கேள்வி எழுதியிருக்கிறீர்கள். நான் படித்த வரையில் கேள்வி ஒன்றுதான்: ஆசைப்பட்டுச் சாப்பிட்ட ஒரு தட்டுச் சாப்பாட்டால் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமா?

அந்தத் தட்டால் ஆகாது. சீஸ் ஓரமெல்லாம் கொதித்துக் குமிழ் விட்டது, முள்கரண்டி வைத்ததும் மீன் இதழ் இதழாகப் பிரிந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சாப்பாட்டின் நடுப்பகுதி 70 டிகிரி செல்சியஸில் இரண்டு நிமிடம் இருந்தால் லிஸ்டீரியா செத்துவிடும். 200 டிகிரி ஓவனில் கால் மணி நேரத்துக்கு மேல் இருந்த மீனில் அது பிழைத்திருக்க வழியில்லை. சீஸ் விஷயத்திலும் இணையம் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறது. கர்ப்பிணிகள் அப்படியே சாப்பிடக் கூடாதவை ப்ரீ, கமாம்பேர் போல மேலே பூஞ்சைத் தோல் படர்ந்தவை, நீலப்பூஞ்சை ஓடிய மென்மையான சீஸ், அப்புறம் பாஸ்சரைஸ் செய்யாத, அதாவது சூடாக்கிக் கிருமி நீக்காத, பாலில் செய்த மென்மையான சீஸ். அங்கே சூப்பர்மார்க்கெட்டில் டப்பாவில் விற்கிற க்ரீம் சீஸ் பாஸ்சரைஸ் செய்த பாலில் ஆனது. அதைச் சுடாமல் ரொட்டியில் தடவிச் சாப்பிடலாம் என்று பிரிட்டனின் அரசு மருத்துவத் துறையே சொல்கிறது. இந்தப் பயத்துக்கு வேர் இல்லாமலும் இல்லை. 1985-இல் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் மெக்சிகோ பாணிச் சீஸ் ஒன்றால் 142 பேருக்கு லிஸ்டீரியா வந்தது. அதில் 93 பேர் கர்ப்பிணிகளும் அவர்கள் குழந்தைகளும். காய்ச்சாத பால் அதில் கலந்ததுதான் காரணம் என்று சந்தேகப்பட்டார்கள். உங்கள் டப்பாவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

கடிதத்தில் நான் நிறுத்திப் படித்த வரி வேறு: மறுநாள் ஆறின மிச்சம். லிஸ்டீரியா மற்றக் கிருமிகளைப் போல ஃப்ரிட்ஜுக்குள் அடங்கிக் கிடக்காது, அந்தக் குளிரிலும் மெதுவாகப் பெருகும். நன்றாக வெந்ததை அன்றிரவே ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாளே தின்றதால் உங்களுக்கு ஆபத்து மிகக் குறைவு. ஆனாலும் இனி மிச்சம் என்றால் நடுவிலும் ஆவி பறக்கச் சூடாக்குங்கள், இரண்டு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். அதே மீனைப் புகையூட்டி மெல்லிய சீவலாகப் பாக்கெட்டில் விற்பார்களே, அதைச் சமைக்காமல் தொடாதீர்கள். கர்ப்பிணிகளுக்கு அது வேண்டாம் என்று பிரிட்டனின் உணவுத் தர முகமை 2022-இலேயே சொல்லிவிட்டது.

இப்போது காய்ச்சல். இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

லிஸ்டீரியா தாயைப் பெரிதாகப் படுத்தாது. அதுதான் அதன் தந்திரம். ஃப்ளூ மாதிரி காய்ச்சல், உடம்பு வலி, முதுகு வலி, சிலருக்கு இரண்டு தடவை வயிற்றுப்போக்கு, அவ்வளவுதான். தாய் நாலு நாளில் எழுந்து நடமாடுவார். கிருமி அதற்குள் நஞ்சுக்கொடிக்குப் போயிருக்கும்.

நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது முப்பது வாரக் கர்ப்பிணி ஒருவர் இடுப்பு வலியோடு வந்தார். மூன்று நாள் காய்ச்சல். வேறோர் இடத்தில் 'வைரல்தான்' என்று பாராசிட்டமால் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். பனிக்குடம் உடைந்தபோது நீர் பச்சையாக வந்தது. பச்சை என்றால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று பொருள். முப்பது வாரத்தில் பொதுவாக அது நடக்காது, நடந்தால் லிஸ்டீரியாவைச் சந்தேகிக்க வேண்டும். அந்தப் பச்சையைப் பார்த்த கணமே என் சீனியர், "ரத்தக் கல்ச்சர் எடு, ஆம்பிசிலின் போடு" என்றார். ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் அந்தக் கல்ச்சரில் லிஸ்டீரியா வந்தது. குழந்தை மூன்று வாரம் இன்குபேட்டரில் இருந்துவிட்டு வீட்டுக்குப் போனது. அந்த முதல் நாள் காய்ச்சலிலேயே யாராவது ஒரு ரத்தக் குப்பி எடுத்திருந்தால் என்று இன்றைக்கும் நினைப்பேன்.

ஆகவே தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். உடம்பு கதகதவென்று இருந்தால் முதலில் அளவு பாருங்கள், அப்புறம் பாராசிட்டமால். சூடான டீ குடித்த கையோடு வாயில் வைக்காதீர்கள், கால் மணி நேரம் விடுங்கள். 38 டிகிரியோ (பழைய கணக்கில் 100.4) அதற்கு மேலோ காட்டினால், ராத்திரி இரண்டு மணியானாலும் உங்கள் பிரசவ ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகளின் அவசரங்களைக் கவனிக்கும் மெட்டர்னிட்டி ட்ரையாஜ் எண்ணைக் கூப்பிடுங்கள். "இத்தனை வாரக் கர்ப்பம், இத்தனை டிகிரி காய்ச்சல், லிஸ்டீரியா இருக்குமோ என்று பயம்" என்று மூன்றையும் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை காதில் விழுந்தால்தான் ரத்தக் கல்ச்சர் எடுக்க வேண்டும் என்று அவர்களுக்கும் தோன்றும். குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தாலும் இதே எண்தான், அதே நாளில். ஜூஸ் குடித்துப் பார்க்கிறேன், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் வேண்டாம்.

70 நாளைக் காலண்டரில் கட்டம் போட்டு எண்ணவும் வேண்டாம். அது மேல் எல்லை. பிரசவம் வரை எந்தக் காய்ச்சலுக்கும் நான் சொன்ன விதிதான், சால்மன் தின்றாலும் சாம்பார் தின்றாலும்.

மலப் பரிசோதனை வீண். ஒரு தொந்தரவும் இல்லாதவர் மலத்திலும் லிஸ்டீரியா வந்து போகும். அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. கிருமி உள்ள உணவையே சாப்பிட்டிருந்தாலும், தொந்தரவு இல்லாத கர்ப்பிணிக்குப் பரிசோதனையும் வேண்டாம், மருந்தும் வேண்டாம் என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் அமைப்பு 2014-இல் சொன்னது.

மற்றவை சட்டென்று. மீன் மேல் வந்த வெள்ளைத் திட்டு சூட்டில் கசிந்து உறைந்த புரதம், முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி. சுடும்போதே புழு செத்துவிடும். பண்ணை சால்மனில் அது இருப்பதே அரிது. சதகுப்பைக் கீரையை நாலு இணுக்கு நறுக்கிப் போட்டால் கரு கலையாது. கஷாயம் வைத்துக் குடிப்பது வேறு கதை, அது வேண்டாம். மீனும் பாலும் சேர்ந்து வெண்குஷ்டம் வராது. அது நோய் எதிர்ப்பு அணுக்கள் தோலின் நிறமி செல்களையே தாக்குவதால் வருவது. பால் சாஸில் மீனைப் போட்டு எத்தனையோ நாட்டில் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிடுகிறார்கள். மாமியாரிடம் இதைச் சொல்லி ஜெயிக்கப் பார்க்காதீர்கள், சும்மா தலையாட்டிவிடுங்கள்.

பாதரசம்? சால்மனில் மிகக் குறைவு. குழந்தையின் மூளைக்கு வேண்டிய ஒமேகா-3 இருப்பதால் சாப்பிடத்தான் சொல்கிறோம். கொழுப்பில் தங்கும் வேறு சில மாசுகளுக்காக, சால்மன், மத்தி போன்ற எண்ணெய் மீன் எல்லாம் சேர்த்து வாரம் இரண்டு தடவையோடு நிறுத்துங்கள். பாதரசம் நிஜமாகவே கூடுதலாக உள்ளது சுறாவில். கர்ப்பம் முடியும் வரை அது வேண்டவே வேண்டாம். கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் எழுதியிருந்தீர்களே, பிரசவத்துக்கு வரும் மாமியார் இப்போதே பால் சுறாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறார் என்று. பிள்ளை பிறந்த பிறகு வாரம் ஒரு தடவை சுறாப்புட்டு சாப்பிடலாம். அதுவரை அதை ஃப்ரீஸரிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள்.