சுற்றுச்சூழலைப் பற்றிக் கலைப்படைப்பு செய்ய வேண்டும், உள்ளூர்க் கலைஞர்களுக்கும் உதவ வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

இந்தக் கேள்வியைப் பார்த்து மூன்று நாளாயிற்று. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் பதில் சொன்னவர்களில் இரண்டு பேர், "காலி பாட்டில்களைச் சேருங்கள், பெரிய மீன் ஒன்று செய்து தண்ணீர்க் கரையில் வையுங்கள், பார்க்கிறவர்களுக்கு உறைக்கும்" என்று எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அப்படி ஒரு மீனைச் செய்து வைத்தவன் நான்.

நீங்கள் ஏதோ ஓர் அமைப்பில் இருக்கிறீர்கள், கையில் கொஞ்சம் நிதி இருக்கிறது, விழாவுக்கு நாளும் குறித்தாயிற்று என்று எடுத்துக்கொள்கிறேன். கேள்வியின் தோரணை அப்படித்தான் இருக்கிறது. வீட்டில் தனியாக வரைந்து பழகுவதற்காகக் கேட்டிருந்தால், பின்னால் வண்ணம் பற்றிச் சொல்லும் பகுதி மட்டும் உங்களுக்குப் போதும்.

நான் போர்டு எழுதப் பழகியவன். பதினைந்து வயதில் ஒரு ஆர்ட்டிஸ்ட்டிடம் பிரஷ் கழுவச் சேர்ந்தேன். 'ழ' எழுத்தின் வளைவு கை நடுங்காமல் வருவதற்கே எனக்கு ஒரு வருடம் ஆனது. பிளெக்ஸ் வந்தது, அந்தத் தொழில் போயிற்று. அதன் பிறகு கம்பிக்கூடு, காகிதக் கூழ், களிமண் என்று சிலை வேலைக்கு வந்து சேர்ந்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இது எனக்குப் பொழுதுபோக்கு இல்லை. எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது இதில்தான்.

சில வருடங்களுக்கு முன் ஓர் அமைப்பினர் வந்தார்கள். பெயர் வேண்டாம். ஏரிக்கரையில் வைக்க பிளாஸ்டிக் கழிவிலேயே ஒரு மீன் வேண்டும், கழிவை அவர்களே பொறுக்கித் தருவார்கள் என்றார்கள். சொன்னபடி சாக்குச் சாக்காகக் கொண்டுவந்து இறக்கினார்கள். அதில் குறை சொல்ல மாட்டேன். கூலி பற்றி நான் கேட்டபோதுதான் பேச்சு வேறு மாதிரி போயிற்று.

"கூலி விஷயம் பேசிடலாமா சார்?"

"என்ன தம்பி, நல்ல காரியத்துக்குப் போய் கூலி கேக்குறீங்களே. பேப்பர்ல எல்லாம் வரும். உங்க பேரு நாலு பேருக்குத் தெரியும்."

கம்பிக்கும் வெல்டிங்குக்கும் மட்டும் கொடுத்தார்கள். நானும் ஒப்புக்கொண்டேன். எனக்கு அந்த ஏரி மேல் ஆசை, அதுதான் காரணம். யாரும் கழுத்தைப் பிடித்துச் செய்ய வைக்கவில்லை. இதைப் படித்துவிட்டு "அப்போதே முடியாது என்று சொல்லியிருக்கலாமே" என்று கேட்கப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: சொல்லியிருக்கலாம். வேலை இல்லாத மாதத்தில் அதைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது அந்த மாதத்தில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

பத்தொன்பது நாள் வேலை. பாட்டில்களைக் கழுவி, லேபிள் பசையைச் சுரண்டி, நிறம் வாரியாகப் பிரிக்கவே ஐந்து நாள் போனது. வயிற்றுப் பக்கம் வெள்ளைப் பாட்டில்கள், முதுகுக்குப் பச்சை, செதிலுக்கு நீல மூடிகள். துடுப்புகளுக்கு கேரி பேக்குகளை நீள நீளமாகக் கிழித்து ஜடை மாதிரிப் பின்னினோம். மூடிகளை என் மனைவியும் அக்கா மகனும் சூட்டுக்கோலால் துளை போட்டுக் கொடுக்கக் கொடுக்க, வெள்ளை கேபிள் டையால், அதாவது இழுத்தால் இறுகிக்கொள்ளும் பிளாஸ்டிக் பட்டையால், ஒவ்வொன்றாகக் கட்டினேன். முடிந்து நின்றபோது, வெயில் சாய்கிற நேரத்தில் அந்த வயிறு உண்மையிலேயே மீன் வயிறு போல மின்னியது. அந்த அழகை இன்றைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

திறப்பு விழா அன்று மேடைக்குப் பின்னால் பெரிய பிளெக்ஸ். அதில் என் மீனின் படம். விருந்தினர் பெயர், நன்கொடை கொடுத்தவர்கள் பெயர், அமைப்பின் பொறுப்பாளர்கள் பெயர் எல்லாம் இருந்தன. என் பெயர் இல்லை. பிளாஸ்டிக் வேண்டாம் என்று சொல்கிற விழாவுக்கு, என்னைப் போன்றவர்களின் பிழைப்பைக் கெடுத்த அதே பிவிசி பிளெக்ஸ். அதற்குக் கீழே நின்று கைதட்டிவிட்டு வந்தேன். மைக்செட்காரருக்கும் பந்தல்காரருக்கும் அன்று சாயங்காலமே கணக்கு முடித்தார்கள். அது சரிதான், அவர்கள் உழைத்தார்கள். நானும் உழைத்திருந்தேன்.

எட்டு மாதம் கழித்து, அந்த ஏரியில் வலை போடும் பெரியவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். "உன் மீனு உதிருது தம்பி, ஒரு எட்டு வந்து பாரு" என்றார்.

போய்ப் பார்த்தேன். கேபிள் டை ஒன்றை லேசாக வளைத்தேன். குச்சி முறிகிற மாதிரி முறிந்தது. துடுப்பைத் தொட்டேன். பின்னிய ஜடை கைக்குள்ளேயே செதில் செதிலாகப் பொடிந்து, காற்றில் பறந்து தண்ணீரில் விழுந்தது. நீல மூடிகள் கோரைப்புல்லுக்குள் கிடந்தன, சில மிதந்துகொண்டிருந்தன. இரண்டு நாள் நானும் அந்தப் பெரியவரும் சலித்துச் சலித்து எடுத்தோம். மூடிகளை எடுக்க முடிந்தது. பொடியை எடுக்க முடியவில்லை. அவருடைய சின்னக் கண்ணி வலையிலும் அது நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டு போயிற்று. கரையேறும்போது அவர் திட்டவில்லை, கோபப்படவும் இல்லை. "எங்கெங்கேயோ கிடந்ததை எல்லாம் பொறுக்கி மொத்தமா இங்க கொண்டாந்து போட்டுட்டியேப்பா" என்று மட்டும் சொன்னார்.

அந்த வார்த்தைதான் இன்றுவரை என்னைத் தூங்கவிடாத வார்த்தை.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கின் நீளமான மூலக்கூறுச் சங்கிலியை அறுத்துக்கொண்டே இருக்கிறது. பிளாஸ்டிக் மண்ணோடு மண்ணாவதில்லை, நொறுங்கி நொறுங்கிச் சின்னதாகிறது, அவ்வளவுதான். மெல்லிய பை முதலில் போகும். வெள்ளை கேபிள் டைகள் பெரும்பாலும் வீட்டுக்குள் பயன்படுத்துவதற்கானவை. கறுப்பில் கரித்தூள் கலந்து வருவது வெயிலை இன்னும் கொஞ்ச காலம் தாங்கும். இதெல்லாம் தெரியாமல் திறந்தவெளியில், அதுவும் தண்ணீர் ஓரத்தில் வைத்தது என் தவறு. எப்போது கழற்றுவது, யார் கழற்றுவது என்று யாருமே கேட்காதது எங்கள் எல்லோருடைய தவறு.

கழிவில் கலை செய்யவே கூடாது என்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். சண்டிகரின் பாறைத் தோட்டத்தைப் பாருங்கள். அதை உருவாக்கிய நேக் சந்த் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர். 1957 வாக்கில் யாருக்கும் தெரியாமல், காட்டுப் பகுதியான அரசு நிலத்தில், இடித்த கட்டடங்களின் ஓடு, உடைந்த பீங்கான், வளையல் துண்டு இவற்றை வைத்துச் சிலைகள் செய்யத் தொடங்கினார். அந்தப் பொருள்கள் சுட்ட மண்ணும் கண்ணாடியும். மழையில் கரைவதில்லை, வெயிலில் பொடிவதில்லை. எந்தக் கழிவு என்பதுதான் கேள்வி.

அவர் கதையில் நீங்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது. அரசு நிலத்தில் அனுமதியில்லாமல் கட்டியது வெளியே தெரிந்தபோது, அதை இடித்திருக்கலாம். இடிக்கவில்லை. 1976-ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். அவருக்குச் சம்பளத்தோடு பதவியும், கூட வேலை செய்ய 50 தொழிலாளர்களையும் கொடுத்தார்கள். உள்ளூர்க் கலைஞரை ஆதரிப்பது என்றால் இதுதான். மாலை போட்டுப் போட்டோ எடுத்துவிட்டு அனுப்பியிருந்தால் அந்தத் தோட்டம் அத்தனை ஏக்கருக்கு வளர்ந்திருக்காது. 1996-ல் அவர் வெளிநாட்டுக்குச் சொற்பொழிவுக்குப் போயிருந்த சமயம் நகர நிர்வாகம் நிதியை நிறுத்தியது, தோட்டத்தில் புகுந்து சிலைகளை உடைத்தார்கள் என்பதையும் சேர்த்தே படியுங்கள். ஆதரவு என்பது திறப்பு விழாவோடு முடிகிற சங்கதி இல்லை.

"உலகப் புகழ்பெற்றவர்களே சம்பளம் வாங்காமல் செய்திருக்கிறார்களே" என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். அவர் சொன்னது மியர்லே லேடர்மன் யூகலீஸ் என்ற அமெரிக்கக் கலைஞரை. 1977-லிருந்து நியூயார்க் நகரத் துப்புரவுத் துறையில் சம்பளமில்லாத கலைஞராக இருந்தவர். 1979-80-ல் அந்தத் துறையின் 8,500 தொழிலாளர்களைத் தேடிப் போய், ஒவ்வொருவரிடமும் கைகுலுக்கி, நகரத்தை உயிரோடு வைத்திருப்பதற்கு நன்றி சொன்னார். அந்த வேலையை நான் கும்பிடுகிறேன். ஆனால் அது அவராக எடுத்த முடிவு. இன்னொருவருடைய விழாவுக்கு, இன்னொருவர் குறித்த தேதிக்கு, அவர் செய்து கொடுக்கவில்லை. தானாகத் தருவது வேறு, கேட்டு வாங்கிக்கொண்டு கூலி கேட்டால் முகம் சுளிப்பது வேறு. அவர் கைகொடுத்தது யாருக்கு என்றும் பாருங்கள். உழைத்தும் மதிப்புக் கிடைக்காத ஆட்களுக்குத்தான்.

இப்போது ஒரு வேலை எடுக்கும் முன் நான் கேட்கும் முதல் கேள்வி, "முடிந்த பிறகு இது எங்கே போகும்?" என்பதுதான். ஆக்னஸ் டெனிஸ் என்ற கலைஞர் 1982-ல் நியூயார்க்கில் மன்ஹாட்டனின் தெற்கு முனையில், மண் கொட்டி நிரப்பிய இரண்டு ஏக்கரில், கல்லையும் குப்பையையும் அகற்றிவிட்டுக் கோதுமை விதைத்தார். வானளாவிய கட்டடங்களுக்குப் பக்கத்தில் கதிர் விளைந்தது. ஆகஸ்டில் அறுத்தார். ஒரு பருவத்தோடு முடிந்த வேலை, இன்றும் பேசுகிறார்கள். நிலைத்து நிற்கிற பொருளில் செய்தால்தான் நினைவில் நிற்கும் என்று நானும் ஒரு காலத்தில் நம்பினேன்.

வண்ணத்துக்கு வருகிறேன். அக்ரிலிக் பெயிண்ட் காய்ந்தால் அதுவும் பிளாஸ்டிக் படலம்தான். ஆமையையும் பவளத்தையும் சுவரில் வரைந்துவிட்டு, பிரஷ் கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றுகிறோம். ஊற்றாதீர்கள். பிரஷை முதலில் பழந்துணியில் துடைத்துவிடுங்கள். கழுவிய தண்ணீரை ஒரு வாளியில் சேர்த்து, படிகாரம் கரைத்து ஊற்றி, கொஞ்சம் சுண்ணாம்பும் சேர்த்துக் கலக்கி ஒரு நாள் விட்டால் பெயிண்ட் திரண்டு அடியில் தங்கும். துணியில் வடிகட்டி, அந்தச் சக்கையைக் காயவைத்துக் குப்பையில் போடலாம். ஒரு வாளி, ஒரு துணி, அவ்வளவுதான் செலவு.

முடிந்தால் மண் வண்ணத்துக்கே வாருங்கள். செம்மண், காவி, மஞ்சள் மண், கரி, சுண்ணாம்பு. மண்ணைத் தண்ணீரில் கரைத்து, மணல் அடியில் தங்கியதும் மேலே கலங்கி நிற்பதை வேறு பாத்திரத்தில் இறுத்து, அது தெளிந்தபின் அடியில் படிகிற வண்டலைத்தான் எடுக்க வேண்டும். காயவைத்துக் கல்லில் அரைத்தால் விரலில் வெண்ணெய் மாதிரி வழுக்கும். அதுதான் பதம். காகிதத்துக்கு வேலம்பிசின் சேர்த்தால் போதும். செம்மண், காவி, மஞ்சள் மண் இவற்றின் நிறத்துக்கு ஆதாரம் இரும்பு ஆக்சைடு, வெயிலில் வெளுக்காது. பழங்காலக் குகை ஓவியங்கள் பலவும் அதில்தான் நிற்கின்றன. இயற்கை வண்ணம் என்று மஞ்சள் தூளையும் பூச்சாற்றையும் சொல்லிக் கொடுக்கிறார்களே, அவை சில வாரத்தில் வெளுத்துப்போகும். பிள்ளைகளுக்கு விளையாட்டுக் காட்ட நல்லது, சுவருக்கு ஆகாது.

கலைஞர்களுக்கு எப்படி உதவுவது என்று கேட்டீர்கள். வேலை கொடுங்கள், கூலி கொடுங்கள். பாதியை முன்பணமாகக் கொடுங்கள், பொருள் வாங்குவது அதில்தான். பிளெக்ஸ் அடிப்பதை விட்டுவிட்டு, துணியில் எழுதத் தெரிந்த ஓர் ஆளைத் தேடிப் பிடியுங்கள். இன்னும் இருக்கிறார்கள், எல்லோர் கையும் மறந்துவிடவில்லை. எங்கெல்லாம் படைப்பின் படம் வருகிறதோ அங்கெல்லாம் செய்தவர் பெயரைப் போடுங்கள். இது தயவு இல்லை. தன் படைப்புக்குத் தன் பெயரைக் கோரும் உரிமை 1928-லேயே பெர்ன் உடன்படிக்கை என்ற பன்னாட்டுப் பதிப்புரிமை ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டுவிட்டது. படைப்பை யார் பராமரிப்பது, எந்தத் தேதியில் யார் செலவில் கழற்றுவது என்பதையும் முதல் நாளே தாளில் எழுதிவிடுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் மகள் படிக்கும் பள்ளியில் வாரத்துக்கு ஒரே ஓர் ஓவிய வகுப்பு. அதையும் பரீட்சை நெருங்கியதும் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்கிறார். போன வருடம் அவள் நோட்டில் மொத்தம் நான்கு படம்தான் இருந்தது. கணக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கம்பிக்கூடு கட்ட எனக்கே தினமும் கணக்கு வேண்டும். ஆனால் வரைகிறதை எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம் என்று பத்து வயதிலேயே கற்றுக்கொடுத்தால், அந்தப் பிள்ளைகள்தான் வளர்ந்து வந்து என்னிடம் "நல்ல காரியத்துக்குப் போய் கூலியா" என்று கேட்கப் போகிறார்கள். ஆசிரியர்கள் யாராவது படித்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம், அவர்களுக்கும் மேலிருந்து நெருக்கடி இருக்கும் என்று தெரியும்.

அந்த மீனின் இரும்புக்கூட்டைக் கழற்றிக் கொண்டுவந்து எங்கள் வீட்டுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். அதே அமைப்பினர் போன மாதம் மறுபடி கூப்பிட்டார்கள். இந்த முறை பறவை வேண்டுமாம். சுட்ட மண்ணில்தான் செய்வேன், பாதி முன்பணம், பலகையில் என் பெயரும் சூளைக்காரர் பெயரும், கழற்றும் தேதி, இத்தனையும் எழுதி அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. வந்தால் இங்கேயே சேர்க்கிறேன்.