நிழலில்லா நாளில் 12 மணிக்கு ஏன் நிழல் விழுகிறது?

கேள்வி கோயமுத்தூர்க்காரருடையது: ஏப்ரலில் நிழலில்லா நாள் என்றார்கள், சரியாக 12 மணிக்குக் கம்பு நட்டேன், நிழல் விழுந்ததே?

உச்சிவேளையில், அதாவது சூரியன் மிக உயரே நிற்கும் நேரத்தில், அது சரியாகத் தலைக்கு மேலே வந்து நேரான கம்புக்கு நிழலே விழாத நாள்தான் நிழலில்லா நாள். நாள் சரி, நேரம்தான் தப்பு. நம் கடிகாரம் 82.5 பாகைக் கிழக்கு தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது. கோவை ஏறக்குறைய 77-இல் இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம். ஆக, இங்கே உச்சிவேளை 12.22 வாக்கில். ஈரோட்டில் 12.19. 12 மணிக்கே பார்த்தால் ஒரு மீட்டர்க் கம்புக்கு மேற்கே 9 செ.மீ. நிழல் கிடக்கும்.

கோவையின் அட்சரேகை 11 பாகை. சூரியன் நிலநடுக்கோட்டுக்கு அதே அளவு வடக்கே நிற்பது ஏப்ரல் 18, 19 வாக்கிலும், திரும்பி வரும்போது ஆகஸ்ட் 24 வாக்கிலும். ஜூன் 21-தான் உச்சம் என்று பலர் நினைக்கிறார்கள். அன்று சூரியன் நமக்கு வடக்கே 12 பாகை தள்ளி இருக்கும், நிழல் தெற்கே 22 செ.மீ. விழும்.

கம்பை நடுவதில்தான் எல்லாம் கெடுகிறது. ஒரு பாகை சாய்ந்தாலே 17 மி.மீ. நிழல் வந்துவிடும், நாள் ஒன்று தவறினால்கூட 6 மி.மீ.தான். கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கித் தரையைப் பாருங்கள், தூக்குக்குண்டு விட்டுக் கம்பை நிமிர்த்துங்கள்.

கம்பைவிட நேராக அறுத்த பிவிசி குழாய்த் துண்டு மேல். நிறுத்தி வைத்தால், உச்சிவேளையில் உள்ளே அடிவரை வெயில் முழு வட்டமாக இறங்கும். வெளிவிளிம்பில் மெல்லிய மங்கல் தெரிந்தால் பிழையில்லை: சூரியன் புள்ளியல்ல, அரைப் பாகை அகலத் தட்டு.