ஹீட்டருக்கு எந்த வெப்பநிலை சென்சார்? – கேள்வி பதில்

கேள்வி: தண்ணீர்த் தொட்டி ஹீட்டரை 40 டிகிரியில் தானாக நிறுத்த வேண்டும். தெர்மிஸ்டர், டிஎஸ்18பி20 (வெப்பநிலையை எண்ணாகவே அனுப்பும் சென்சார்) இரண்டில் எது துல்லியம்?

பதில்: உங்கள் தொட்டிக்கு இரண்டின் துல்லியமும் போதும். வயர் அறுந்தால் எது என்ன காட்டும் என்று பார்த்து வாங்குங்கள். என்டிசி தெர்மிஸ்டரில் சூடு ஏற ஏற மின்தடை குறையும். வயர் அறுந்தால் மின்தடை எல்லையற்றதாகிவிடும். எளிய கன்ட்ரோலர் அதைக் கடுங்குளிர் என்று நம்பி ஹீட்டரை விடாமல் எரிக்கும். டிஎஸ்18பி20, −10 முதல் 85 டிகிரி வரை அரை டிகிரிக்கு மேல் பிசகாது. ஆனால் இணைப்பு அறுந்தால் ஆர்டுயினோ என்ற சிறு கன்ட்ரோலர் பலகையில் பலரும் பயன்படுத்தும் லைப்ரரி (ஆயத்த நிரல்) −127 என்று தரும். "40க்குக் கீழே என்றால் போடு" என்று மட்டும் நிரல் எழுதியவருக்கு −127உம் 40க்குக் கீழேதான்! என் ஓட்டு டிஎஸ்18பி20க்கு. நம்ப முடியாத எண் வந்தால் ஹீட்டரை நிறுத்தும் ஒரு வரி நிரலில் கட்டாயம் இருக்கட்டும்.

கேள்வி: என்னுடைய டிஎஸ்18பி20 அவ்வப்போது 85 காட்டுகிறது. பழுதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. மின்சாரம் கிடைத்ததும் அதன் நினைவகத்தில் இருக்கும் தொடக்க எண்ணே 85. 12 பிட் (அதன் மிக நுண்ணிய) அளவீட்டுக்கு 750 மில்லி விநாடி வரை பிடிக்கும். அதற்குள் அவசரப்பட்டுப் படித்தால் 85தான் கிடைக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது வந்தால், சென்சாருக்குப் போகும் மின்சாரம் நடுவில் விட்டுப்போகிறது என்று பொருள்.

கேள்வி: கோழி முட்டை இன்குபேட்டருக்கு, வெப்பநிலையும் ஈரப்பதமும் அளக்கும் டிஎச்டி11 சென்சார் போதுமா, ஐயா?

பதில்: போதாது. அதன் பிழை 2 டிகிரி வரை போகலாம். காற்றாடி வைத்த பெட்டியில் 37.5 டிகிரியை ஒட்டி நிற்க வேண்டிய முட்டைக்கு அது மிக அதிகம். ஈரப்பதத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 300 டிகிரி அடுப்புக்கு கே வகை தெர்மோகப்பிள் (இரு உலோகக் கம்பிகளை இணைத்த சென்சார்) மாட்டினேன். அடுப்பு சுடச்சுட எண் இறங்குகிறது.

பதில்: உடனே அணையுங்கள். இரு கம்பிகளும் இடம் மாறியிருக்கின்றன. சூடு ஏறும்போது எண் இறங்கினால் கன்ட்ரோலர் இன்னும் சூடாக்கத்தான் பார்க்கும். சிவப்பைப் பாசிட்டிவ் என்று எடுத்துக்கொண்டீர்கள் அல்லவா? அமெரிக்க முறையில் மஞ்சள் பாசிட்டிவ், சிவப்பு நெகட்டிவ். ஐஇசி என்ற சர்வதேச முறையில் பச்சை பாசிட்டிவ், வெள்ளை நெகட்டிவ். மின்வேலை பழகிய கைகளே இதில் தடுமாறும்.

கேள்வி: சென்சாரைத் தொட்டியில் எங்கே வைப்பது?

பதில்: ஹீட்டரை ஒட்டி வேண்டாம், தண்ணீர் குளிர்ந்திருக்கும்போதே நிறுத்திவிடும். நீர் கலங்கும் இடத்தில், மட்டம் இறங்கினாலும் மூழ்கியிருக்கும் ஆழத்தில் வைத்து இறுகக் கட்டுங்கள். ஒருமுறை நான் கட்டிய டேப் ஈரத்தில் நழுவி, சென்சார் தொட்டிக்கு வெளியே காற்றில் தொங்கியது. சென்சாரும் வயரும் நன்றாகத்தான் இருந்தன, எண்ணும் நம்பும்படி 28. உள்ளே தண்ணீரில் கை வைக்க முடியவில்லை. அதன்பிறகு, ஹீட்டர் ஓடியும் 15 நிமிடத்தில் எண் ஏறாவிட்டால் நிறுத்திவிடு என்று என் நிரலில் சேர்த்தேன். கால அளவை உங்கள் தொட்டிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வாங்கிய சென்சார் சரியா என்று எப்படிச் சோதிப்பது?

பதில்: நொறுக்கிய ஐஸைக் குவளை நிறையப் போட்டு, இடுக்குகள் நிரம்பும் அளவு தண்ணீர் விட்டுக் கலக்குங்கள். சில நிமிடம் கழித்து 0 டிகிரியை ஒட்டிக் காட்ட வேண்டும். கொதிநீரை நம்பாதீர்கள், உயரமான ஊர்களில் 100க்கு முன்பே கொதித்துவிடும்.

கேள்வி: நல்ல சென்சார் இருந்தால், அளவு மீறிச் சூடானால் மின்சாரத்தை வெட்டும் தனி கட்-ஆஃப் தேவையா?

பதில்: தேவை. ஹீட்டரைப் போட்டு அணைக்கும் ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டால் சென்சார் எவ்வளவு சரியாகச் சொன்னாலும் ஹீட்டர் நிற்காது. கன்ட்ரோலரைச் சாராத, கையால் மீட்டமைக்கும் வகைத் தெர்மல் கட்-ஆஃப் ஒன்றை ஹீட்டரின் மின்வழியிலேயே தொடராக இணையுங்கள். அதைப் பொருத்தும்வரை ஹீட்டரை ஆளில்லாத நேரத்தில் ஓட விடாதீர்கள்.