வயிறு பொருந்தினால் தோள் நழுவுகிறது: கொழுகொழு குழந்தைக்கு உடை எடுப்பது எப்படி?

கேள்வி: என் மகளுக்கு 7 மாதம் முடிந்துவிட்டது. எடை 9.2 கிலோ, நீளம் 67 செ.மீ. 6-9 மாதம் என்று போட்ட உடைகளில் வயிற்றில் பட்டன் எட்டவே மாட்டேன் என்கிறது, தொடையில் எலாஸ்டிக் தடம் விழுகிறது. 12-18 மாத உடை எடுத்தால் வயிறு சரியாக இருக்கிறது. ஆனால் கழுத்து தோளை விட்டு நழுவுகிறது, கை விரலை மூடுகிறது, தவழும்போது முட்டிக்கு அடியில் துணி மாட்டி முன்னால் சாய்கிறாள். அடுத்த மாதம் காதுகுத்து, பட்டுப்பாவாடை வேறு எடுக்க வேண்டும். "பாலைக் குறை, எல்லாம் சரியாகும்" என்கிறார் மாமியார். என்ன செய்வது?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் மாமியார் விஷயத்தை முடித்துவிடலாம். நான் டாக்டர் இல்லை, திருப்பூரில் குழந்தை உடைகளுக்கு வெட்டு மாஸ்டராக இருந்தவன். ஆனால் சட்டை போதவில்லை என்பதற்காகப் பாலைக் குறைக்க வேண்டாம் என்று சொல்ல டாக்டர் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி 7 மாதப் பெண் குழந்தையின் நடு அளவு, நீளம் 67.3 செ.மீ., எடை 7.6 கிலோ. ஒரு வயதுப் பெண் குழந்தைக்கு நடு எடை 8.9 கிலோ. அதாவது உங்கள் மகள் நீளத்தில் அவள் வயதுக்குத் துல்லியமாக இருக்கிறாள், எடையில் ஒரு வயதைத் தாண்டிவிட்டாள். இப்படி இருக்கும் குழந்தைகள் ஏராளம். தவழ்ந்து, பிடித்து நின்று, நடக்கத் தொடங்கியதும் பலர் நீண்டு மெலிந்துவிடுகிறார்கள். மனதில் உறுத்தல் இருந்தால் 9 மாதத் தடுப்பூசிக்குப் போகும்போது எடையையும் நீளத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். எடையை மட்டும் வைத்து யாரும் எதுவும் முடிவு செய்ய முடியாது.

உங்கள் குழப்பத்துக்கும் காரணம் இதே கணக்குதான். ஒரு உடையை வடிவமைக்கும்போது நாங்கள் எல்லா அளவுக்கும் தனித்தனியாகக் குழந்தைகளை நிறுத்தி அளந்து வெட்டுவதில்லை. ஒரு நடு அளவுக்கு மாதிரி போட்டு, பொருத்திப் பார்த்துச் சரிசெய்வோம். அதற்கு மேலும் கீழும் உள்ள அளவுகளை அந்த மாதிரியிலிருந்து கூட்டியும் குறைத்தும் எடுப்போம். ஒரு அளவு கூட்டினால் மார்பு மட்டும் கூடாது. நீளம், கை, தோள், கழுத்துச் சுற்று எல்லாம் சேர்ந்தே கூடும். நடு உடல்வாகு உள்ள குழந்தைக்கு இது சரியாக வரும். வயிற்றுக்காக இரண்டு அளவு தாண்டிப் போகும்போது தோளும் கையும் கூடவே வளர்ந்து வந்துவிடுகின்றன. அப்படியானால் வேண்டியது பெரிய உடை இல்லை, அகலத்தைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் உடை. லேபிளில் உள்ள மாதத்தை இன்றோடு மறந்துவிடுங்கள்.

இஞ்ச் டேப் ஒன்று வாங்கி மூன்று இடங்களில் அளந்துகொள்ளுங்கள். குழந்தை பால் குடித்து முடித்தபின், உட்கார்ந்த நிலையில், டயபரோடு. வெறும் வயிற்றில் படுக்கவைத்து எடுத்த அளவு மாலையில் பொய்யாகிவிடும். ஒன்று, வயிற்றின் மிக அகலமான இடம். இரண்டு, தொடையின் மிகப் பருத்த இடம். மூன்றாவதைத்தான் யாரும் எடுப்பதில்லை: தோளின் நடுவில் டேப்பை வைத்து, முன்பக்கமாக இறக்கி, கால் இடுக்கில் டயபரைச் சுற்றி, முதுகு வழியாக அதே தோளுக்குக் கொண்டுவாருங்கள். கீழே பிரஸ் பட்டன் போடும் ராம்பர், பாடிசூட் வகை உடைகள் போதாமல் போவது பெரும்பாலும் இந்தச் சுற்றில்தான். பட்டன் போட முடியவில்லை என்றால் வயிறு பெரிது என்று நினைத்துக்கொள்கிறோம். பல நேரம் தடித்த துணி டயபர்தான் அந்த இரண்டு அங்குலத்தைத் தின்றிருக்கும்.

இந்த அளவுகளோடு கடைக்குப் போங்கள். சட்டையை மேசையில் விரித்து, அக்குளுக்குக் கீழே ஓரத்திலிருந்து ஓரம் அளந்து இரட்டிப்பாக்குங்கள். குழந்தையின் வயிறு 19 அங்குலம் என்றால், இழுபடும் பனியன் துணியில் உடையும் 19 அல்லது 20 இருந்தால் போதும். இழுபடாத துணியில், அதாவது பாப்ளின், மஸ்லின், பட்டு போன்றவற்றில், 22க்குக் குறைந்து எடுக்காதீர்கள். கடையில் டேப்பை எடுக்கக் கூச்சமாக இருந்தால், இப்போது ஓரளவு பொருந்தும் ஒரு சட்டையைக் கையோடு கொண்டுபோய் மேலே வைத்துப் பாருங்கள். இணையத்தில் வாங்குவதானால் அளவு அட்டவணையில் மாதத்தை விட்டுவிட்டு மார்புச் சுற்று என்ற வரிசையை மட்டும் பாருங்கள். அந்த வரிசையில் குழந்தையின் உடல் அளவைக் கொடுத்திருக்கிறார்களா, உடையின் அளவையா என்பதையும் கவனிக்க வேண்டும். உடல் அளவு என்றால், உடையை அவர்களே அதைவிடக் கொஞ்சம் கூட்டித்தான் தைத்திருப்பார்கள்.

திருப்பூர் காதர்பேட்டை போன்ற இடங்களில் ஏற்றுமதி மிச்சமாக வரும் ஐரோப்பிய உடைகளில் 68, 74, 80 என்று எண் இருக்கும். அது குழந்தையின் நீளம், சென்டிமீட்டரில். உங்கள் மகளுக்கு 68 நீளத்துக்குச் சரி, அகலத்துக்குப் போதாது. ரிப் துணியாக இருந்தால் 74 எடுங்கள். 80க்குப் போனால் பழைய கதைதான்.

ரிப் என்று ஏன் சொல்கிறேன் என்றால், துணியைப் பொறுத்துதான் பாதிப் பிரச்சினை தீரும். பனியன் துணி எல்லாம் ஒன்றல்ல. சாதாரண டி-ஷர்ட்டுக்கு வரும் சிங்கிள் ஜெர்சி ஓரளவு விரியும். இன்டர்லாக் அதைவிடத் தடிமன், வடிவம் கெடாது. கோடு கோடாகத் தெரியும் ரிப், குறுக்குவாட்டில் நன்றாக விரிந்து மீண்டும் சுருங்கும். வயிற்றுக்கு விரிந்து, தோளில் ஒட்டி நிற்கும். சட்டையைக் குறுக்கே இழுத்துவிட்டுப் பாருங்கள், பழைய அளவுக்குத் திரும்பினால் நல்லது. தொளதொளவென்று நின்றுவிட்டால் நாலு துவையலில் கோணி மாதிரி ஆகிவிடும். பருத்தியோடு ஐந்து சதவீதம் லைக்ரா கலந்திருந்தாலும் பரவாயில்லை. திண்டுக்கல் வெயிலுக்கு முழு பாலியஸ்டர் மட்டும் வேண்டாம், மடிப்புக்குள் வேர்க்குரு வந்துவிடும். பருத்திப் பனியன் முதல் துவையலில் கொஞ்சம் சுருங்கும், அதனால் போட்டுப் பார்க்கும்போதே இறுக்கமாக இருப்பதை "விரிந்துவிடும்" என்று நம்பி வாங்காதீர்கள்.

அடுத்தது வெட்டு. நம் வீடுகளில் பிறந்த குழந்தைக்குப் போடும் ஜபலாவை நினைத்துப் பாருங்கள். முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, பக்கத்தில் நாடா கட்டுவது. வயிறு கூடினால் முடிச்சு ஒரு அங்குலம் தள்ளும், அவ்வளவுதான். மூன்று மாதத்தோடு அதை மூட்டை கட்டிவிடுகிறோம். எனக்கென்னவோ குண்டுக் குழந்தைக்கு அதைவிட அறிவான உடை இன்னும் வரவில்லை என்றுதான் தோன்றுகிறது. ஏழு மாதத்துக்கும் தைத்துப் போடலாம். கழுத்தில் நாடா வைக்கவே வேண்டாம், பக்கவாட்டில் குட்டையாக இருக்கட்டும்.

கடையில் தேடினால், தோளில் ஒன்றன்மேல் ஒன்று மடிந்து விரியும் கழுத்து உள்ள பனியன் எடுங்கள். தலை வழியாக இழுக்காமல் கால் வழியாகவும் இறக்கிவிடலாம். கை தனியாக ஒட்டாமல், கழுத்திலிருந்தே சாய்வாக இறங்கும் ராக்லன் கை, பருத்த புஜத்துக்கு நல்லது. ஃபிராக் என்றால் மார்புக்கு மேலேயே சுருக்கம் தொடங்கும் வெட்டு. வயிற்றில் சுருக்கம் தொடங்கும் ஃபிராக் பானைக்குப் பாவாடை கட்டினாற்போல் இருக்கும். கால்சட்டையில், டயபருக்காகவே பின்பக்கம் தொங்கலாக வெட்டிய ஹேரம் பேண்ட் எடுங்கள். இடுப்பில் குச்சி போன்ற மெல்லிய எலாஸ்டிக்கை விட அகலமான ரிப் பட்டி வயிற்றை வெட்டாது. இறுக்கமான ஜீன்ஸ், போட்டோவுக்குக்கூட வேண்டாம்.

ஏற்கெனவே வாங்கிய உடைகளை என்ன செய்வது? சின்னதாகிப்போன பாடிசூட்டை இடுப்புக்குக் கீழே நேராக வெட்டிவிட்டால் அது பனியன். சிங்கிள் ஜெர்சி ஓரம் சுருண்டுகொள்ளுமே தவிர, நூல் பிரிந்து வராது. ஒரு தையல் போட்டால் அழகு, போடாவிட்டாலும் வீட்டுக்கு ஓடும். வயிற்றில் போதாத சட்டைக்கு இரண்டு பக்கத் தையலையும் பிரித்து, அக்குளிலிருந்து கீழ் ஓரம் வரை ஒன்றரை அங்குலப் பட்டை வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். தையலுக்குப் போக ஒரு பக்கம் ஒரு அங்குலம், மொத்தம் இரண்டு அங்குலம் கிடைக்கும், தோளும் கழுத்தும் அப்படியே இருக்கும். பெரிய அளவில் வாங்கிவிட்ட உடைக்கு வேலை இன்னும் சுலபம்: கையையும் காலையும் வெட்டி மடித்துவிடலாம். தோள் இறங்குவதுதான் சரிசெய்யக் கடினம், அதனால் வாங்கும்போது தோளைப் பார்த்து வாங்குங்கள். எலாஸ்டிக் தடம் விழும் கால்சட்டைக்குப் பட்டியில் சின்னதாகப் பிரித்து எலாஸ்டிக்கை மாற்றிவிடுங்கள். வயிற்று அளவில் ஒரு அங்குலம் குறைத்து வெட்டினால் போதும். உடை மாற்றி அரைமணி கழித்தும் தடம் சிவப்பாகவே இருந்தால் அது இறுக்கம்தான், "புது எலாஸ்டிக், பழகிவிடும்" என்று விட வேண்டாம்.

சரி, காதுகுத்து. ரெடிமேட் பட்டுப்பாவாடை செட் வாங்காதீர்கள். பட்டு ஒரு நூல்கூட இழுபடாது, ரெடிமேட் சட்டையில் கை பெரும்பாலும் குறுகலாக இருக்கும், காது குத்தும் நேரத்தில் ஏற்கெனவே அழப்போகும் குழந்தைக்கு அக்குளில் வேறு ஜரிகை குத்தும். துணியாக எடுத்துத் தைக்கக் கொடுங்கள். பாவாடையை இடுப்பில் கட்டும்படி வேண்டாம். வயிறு உருண்டையாக இருக்கும் குழந்தைக்கு இடுப்பே கிடையாது. கட்டினால் இறுக்க வேண்டும், இறுக்காவிட்டால் இறங்கும். மேலே மல் துணியில் கையில்லாத பாடி வைத்துத் தைக்கச் சொல்லுங்கள், பாரம் முழுவதும் தோளில் நிற்கும். சட்டைக்குப் பக்கத் தையலில் இருபுறமும் ஒரு அங்குலம் துணி உள்ளே விடச் சொல்லுங்கள். பின்பக்கம் கொக்கி வேண்டாம், படுத்தால் முதுகில் அழுந்தும். முன்பக்கமோ தோளிலோ பிரஸ் பட்டன். உள்பக்கம் முழுக்க மெல்லிய பருத்தி லைனிங். கைச் சுற்று, புஜ அளவைவிட இரண்டு அங்குலம் கூடுதல். பாவாடை ஓரத்தில் உள்மடிப்பாக இரண்டு டக் பிடிக்கச் சொன்னால் அடுத்த ஆண்டு பிரித்து இறக்கிக்கொள்ளலாம். நீளம் கணுக்காலுக்கு மேலேயே நிற்கட்டும், தவழும் குழந்தை.

அளவு எப்போது கொடுப்பது என்பது முக்கியம். இன்றே கொடுத்துவிடாதீர்கள். துணியை இப்போதே எடுத்துத் தையல்காரரிடம் நாள் சொல்லி வைத்துவிட்டு, விசேஷத்துக்குப் பத்து நாள் முன்பு குழந்தையையே தூக்கிக்கொண்டு போங்கள். சட்டையை முதல் தையலோடு ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் லைனிங்கை மூட வேண்டும்.

தினசரி ஒரு வேலை மட்டும். குளிப்பாட்டியதும் கழுத்து, அக்குள், தொடை மடிப்புகளை விரித்துத் துடைத்து, ஈரம் முழுவதும் காய்ந்த பிறகு உடை போடுங்கள், மடிப்புக்குள் பவுடர் அப்பாதீர்கள். சாக்ஸ் போட்டால் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து நூல் தொங்கினால் வெட்டிவிடுங்கள். குண்டு விரலில் நூலோ முடியோ சுற்றிக்கொண்டால் வெளியே தெரியாது, குழந்தை காரணமில்லாமல் அழுவதுபோல இருக்கும். அரைஞாண் கயிற்றையும் பாருங்கள். கடைக்காரர் சொல்லும் அளவைவிட அது உண்மையான கணக்கு: உட்கார்ந்திருக்கும்போது கயிற்றுக்கும் வயிற்றுக்கும் நடுவே உங்கள் இரண்டு விரல் சுலபமாக நுழையவில்லை என்றால், முடிச்சைத் தளர்த்துங்கள், அன்றைக்கே வயிற்று அளவையும் புதிதாக எழுதிக்கொள்ளுங்கள்.