கேமரா கேள்வி-பதில்: பயணத்துக்கு எத்தனை மெமரி கார்டு?

கேள்வி: ஜூன் மாதம் குடும்பத்தோடு லடாக் போகிறோம். லே, நுப்ரா, பாங்காங், ஹன்லே என ஒன்பது நாள். என்னிடம் இருப்பது 24 மெகாபிக்சல் மிரர்லெஸ் கேமரா. ரா, ஜேபெக் இரண்டும் சேர்த்தே எடுப்பேன். கொஞ்சம் 4கே வீடியோவும் உண்டு. ஹன்லேயில் நட்சத்திர டைம்லாப்ஸ் (பல படங்களைக் கோத்து ஓட்டும் வீடியோ) எடுக்க ஆசை. கையில் ஒரே ஒரு 64 ஜி.பி. கார்டுதான் இருக்கிறது, லேப்டாப் கொண்டு போகவில்லை. எத்தனை கார்டு வாங்குவது?
- வாசகர், கோயம்புத்தூர்

ஜி.பி.யை விட்டுவிட்டு, ஒரு நாளில் எத்தனை படம், எத்தனை நிமிட வீடியோ என்று முதலில் எண்ணுங்கள். ரா என்பது சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு. 24 மெகாபிக்சல் கேமராவில் சுருக்கிய ரா கோப்பு 25 முதல் 30 எம்.பி. வரை வரும். சுருக்காத ரா என்றால் 50 எம்.பி.யை நெருங்கிவிடும். உயர்தர ஜேபெக் 8 முதல் 12 எம்.பி. இரண்டும் சேர்த்து ஒரு படத்துக்கு 40 எம்.பி. என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 350 படம் என்றால் 14 ஜி.பி.

வீடியோவுக்கு மெனுவில் பதிவு வேகத்தைப் பாருங்கள். வினாடிக்கு 100 மெகாபிட் என்றிருந்தால் அதை எட்டால் வகுக்க வேண்டும்: வினாடிக்கு 12.5 எம்.பி., நிமிடத்துக்கு 750 எம்.பி. நாளுக்குக் கால் மணி நேரம் எடுத்தால் 11 ஜி.பி.க்கு மேல். அதே கால் மணி நேரத்தை ஃபுல் எச்.டி.யில், 28 மெகாபிட் வேகத்தில் எடுத்தால் சுமார் 3 ஜி.பி.தான். காரின் ஜன்னல் வழியாக எடுக்கும் காட்சிகளுக்கு 4கே தேவையே இல்லை. அதை ஏரிக்கரைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக நாளுக்கு 25 ஜி.பி., ஒன்பது நாளுக்கு 225. அடுத்தது ஹன்லே. இரவு வானம் தெளிவாகத் தெரிய செயற்கை வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும், நம் நாட்டின் முதல் இருள்வானக் காப்பகம் அது. வினாடிக்கு 30 ஃப்ரேம் வீதம் ஓடும் பத்து வினாடி டைம்லாப்ஸுக்கே 300 படம் வேண்டும். அதை ராவில் மட்டும் எடுங்கள். கூடவே ஜேபெக் எடுத்தால் இடம்தான் வீண். 300 படத்துக்குச் சுமார் 8.5 ஜி.பி. ஆகும், இரண்டு இரவுக்கு 17. மொத்தம் 242 ஜி.பி. வருகிறது. அதோடு கால் பங்கு கூட்டி 300 என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு 128 ஜி.பி. கார்டு மூன்று வாங்குங்கள். கையில் இருக்கும் 64 அவசரத்துக்கு உதவும். ஒவ்வொரு 128-ம் விண்டோஸ் கணினியில் 119 என்றுதான் காட்டும். அதைக் கண்டு கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்கில் எண்ணுகிறார், விண்டோஸ் 1024-ன் மடங்கில் எண்ணுகிறது.

ஒரே 512 ஜி.பி. கார்டு போதாதா என்று தோன்றும். கொள்ளும், ஆனால் அது ஒன்று போனால் ஒன்பது நாளும் போய்விடும். அதற்காக 16 ஜி.பி. கார்டுகளாக இருபது வாங்குவதும் சரியில்லை. கையுறை போட்ட கையோடு, கர்துங் லா கணவாய்க் காற்றில் நகம் அளவு பொருளை அடிக்கடி மாற்றினால் ஒன்றாவது கீழே விழும். மூன்று நாளுக்கு ஒரு கார்டு என்பது நல்ல அளவு. முக்கியமாக, பயணத்தின் நடுவில் எந்தக் கார்டையும் அழித்து மறுபடி பயன்படுத்தத் தேவைப்படாதபடி கணக்குப் போடுங்கள். படங்கள் தொலைந்துபோவது கார்டு பழுதால் மட்டும் நேர்வதில்லை. இரவு பதினொரு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் 'இதைத்தான் காப்பி எடுத்துவிட்டோமே' என்று தவறான கார்டை ஃபார்மேட் செய்வதாலும் நேர்கிறது. கார்டு நிறைந்ததும் அதன் பக்கவாட்டில் உள்ள சின்னப் பூட்டைக் கீழே தள்ளி, பெட்டியில் முகம் குப்புற வையுங்கள். பூட்டிய கார்டில் கேமரா எழுதவும் செய்யாது, அழிக்கவும் செய்யாது.

மேலே சொன்ன 40 எம்.பி. என்பது என் கணக்கு. உங்கள் கேமராவின் அளவைக் கிளம்புமுன் நீங்களே பார்த்துவிடலாம். கார்டை ஃபார்மேட் செய்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை நூறு படம் எடுங்கள். வெயில், நிழல், இலை, முகம், இரவு விளக்கு எல்லாம் கலந்து இருக்கட்டும். கோப்புறையின் மொத்த அளவை நூறால் வகுத்தால் உங்கள் எண் கிடைத்துவிடும். வெறும் வானமும் மொட்டை மலையும் உள்ள படங்கள் சிறிதாக இருக்கும். கூழாங்கல், இலைக்கூட்டம் போன்ற நுணுக்கமான காட்சிகளும், ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன் அளவு) ஏற்றி எடுத்த இரவுப் படங்களும் பெரிதாகும்.

இனி இரண்டாவது பிரதி. லேப்டாப் இல்லாவிட்டாலும் இதைத் தவிர்க்காதீர்கள். போன், டைப்-சி கார்டு ரீடர், 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி. இந்த மூன்றும் போதும். பழைய ஹார்டு டிஸ்க் வீட்டில் சும்மாத்தானே இருக்கிறது என்று அதைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஹார்டு டிஸ்கின் ஊசிமுனை சுழலும் தட்டின் மேல் மெல்லிய காற்றுப் படலத்தில் மிதக்கிறது. காற்று அடர்த்தி குறைந்தால் முனை தட்டில் உரசும். சாதாரண ஹார்டு டிஸ்க்குகளுக்கு இயக்க உயர வரம்பு சுமார் 3,000 மீட்டர் என்றே தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகிறார்கள். லே நகரமே 3,500 மீட்டரில் இருக்கிறது. பாங்காங்கும் ஹன்லேயும் 4,200-க்கு மேல். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே கிடையாது.

எஸ்.எஸ்.டி.யை வீட்டிலேயே எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்து, போனில் செருகிச் சோதித்துவிடுங்கள். விண்டோஸுக்கான என்.டி.எஃப்.எஸ். முறையில் இருந்தால் பல போன்கள் அதைத் திறக்காது. போனில் இருப்பது ஒரே துளை. அதனால் முதலில் கார்டிலிருந்து போனுக்கு, பிறகு போனிலிருந்து எஸ்.எஸ்.டி.க்கு என்று மாற்ற வேண்டும். அதற்குப் போனில் 30 ஜி.பி.யாவது காலியாக இருக்க வேண்டும். ரீடர் பழைய யு.எஸ்.பி. 2 வகை என்றால் 25 ஜி.பி. மாற்றக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். பாங்காங் கரையில் பல முகாம்களில் மாலையில் சில மணி நேரம்தான் மின்சாரம். ஆகவே போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை இதுவாக இருக்கட்டும். மாற்றி முடிந்தபின் கோப்புகளின் எண்ணிக்கை இரண்டு பக்கமும் ஒன்றுதானா என்று பாருங்கள். அன்றைய கடைசிப் படத்தையும் திறந்து பாருங்கள். பாதியில் நின்றுபோன காப்பி அப்போதே தெரிந்துவிடும். கிளவுடில் ஏற்றிக்கொள்ளலாம் என்று நம்ப வேண்டாம். லேயைத் தாண்டினால் தினமும் 25 ஜி.பி. ஏற்றும் இணைய வேகம் கிடைக்காது.

திரும்பும்போது கார்டுகள் ஒருவர் பையிலும், எஸ்.எஸ்.டி. இன்னொருவர் பையிலும் இருக்கட்டும்.

கேள்வி: கார்டின் மேல் 170 எம்.பி. வேகம் என்று அச்சிட்டிருக்கிறது. வேடந்தாங்கலில் பறவை எழும்பும்போது தொடர்ந்து சுட்டால் இரண்டு மூன்று வினாடியில் கேமரா திணறி நிற்கிறது. கார்டு போலியா?
- வாசகர், செங்கல்பட்டு

போலியாக இருக்க வேண்டியதில்லை. பெரிய எழுத்தில் இருப்பது வாசிக்கும் வேகம், அதுவும் உச்ச வேகம். உங்களுக்குத் தேவை எழுதும் வேகம். யு.எச்.எஸ்-1 வகைக் கார்டில் தரவு போகும் பாதையே வினாடிக்கு 104 எம்.பி.யோடு முடிந்துவிடுகிறது. 170 என்பது அந்த நிறுவனத்தின் தனி ரீடரில்தான் வரும், கேமராவில் வராது.

பார்க்க வேண்டியவை சின்னக் குறிகள். யு எழுத்துக்குள் 3 இருந்தாலும், வி30 என்றிருந்தாலும் வீடியோ பதியும்போது 30 எம்.பி.க்குக் குறையாமல் எழுதும் என்று பொருள். வி60, வி90-க்கும் அப்படியே. 100 மெகாபிட் 4கே-க்கு 12.5 எம்.பி.தான் வேண்டும் என்பதால் வி30 தாராளம். வீடியோவுக்காக மட்டும் அதற்கு மேல் செலவழிப்பது பண விரயம்.

பறவைப் படம் வேறு கதை. வினாடிக்குப் பத்துப் படம், படத்துக்கு 28 எம்.பி. என்றால் வினாடிக்கு 280 எம்.பி. வந்து விழுகிறது. 104 எம்.பி. பாதையில் அது ஓடாது. மிச்சம் கேமராவின் உள்நினைவகத்தில் தேங்கி நிற்கும். அது நிரம்பியதும் ஷட்டர் நிற்கும். கேமராவின் துளை யு.எச்.எஸ்-2 வகைதானா என்று கையேட்டில் பாருங்கள். ஆம் என்றால், பின்புறம் இரண்டு வரிசைத் தகடுகள் உள்ள கார்டு வாங்குங்கள், காத்திருப்பு வெகுவாகக் குறையும். இல்லையென்றால் அந்த விலையுயர்ந்த கார்டும் பழைய வேகத்திலேயே ஓடும். அப்போது சுருக்கிய ராவுக்கு மாறுங்கள், கூடவே எடுக்கும் ஜேபெக்கை நிறுத்துங்கள். பறவை இறகு விரிக்கும் கணத்தில் ஒரு வினாடி மட்டும் அழுத்தி விடுங்கள். நாரை தரையை விட்டு எழுமுன் உடம்பைத் தாழ்த்தும், அதைக் கவனித்தால் ஒரு வினாடி போதும்.

கேள்வி: விமான நிலைய எக்ஸ்ரே இயந்திரத்தில் மெமரி கார்டு கெட்டுவிடுமா?
- வாசகர், திருச்சி

கெடாது. பயப்பட வேண்டியது ஃபிலிம் ரோலுக்குத்தான். கார்டுகளைக் கைப்பையில் வையுங்கள் என்று சொல்வது, செக்-இன் பெட்டி தொலையக்கூடும் என்பதற்காக.

கேள்வி: ராமேசுவரம் பயணத்தின் இரண்டாம் நாள் 'கார்டைப் படிக்க முடியவில்லை, ஃபார்மேட் செய்யவும்' என்று கேமரா காட்டியது. பயந்துபோய் அழுத்திவிட்டேன். 400 படங்களும் போய்விட்டனவா?
- வாசகர், தூத்துக்குடி

அதற்குப் பிறகு அந்தக் கார்டில் ஒரு படமும் எடுக்கவில்லை என்றால் பெரும்பாலும் மீட்கலாம். கேமராவின் சாதாரண ஃபார்மேட், எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைத்தான் துடைக்கிறது, படங்களின் தரவு அங்கேயே கிடக்கும். அதன் மேல் புதிய படம் எழுதப்பட்டால்தான் நிரந்தரமாகப் போகும். கார்டு முழுவதையும் துடைக்கும் லோ லெவல் ஃபார்மேட் என்ற விருப்பத்தைத் தேர்ந்திருந்தால் மட்டும் வாய்ப்பு மிகக் குறைவு.

உடனே கார்டை வெளியே எடுத்துப் பூட்டுங்கள். கணினியில் செருகும்போது விண்டோஸ் 'சரிசெய்யவா' என்றோ 'ஃபார்மேட் செய்யவா' என்றோ கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். மீட்கும் படங்களைக் கணினியின் வட்டில் சேமியுங்கள், தவறியும் அதே கார்டில் வேண்டாம். பழைய கோப்புப் பெயர்கள் திரும்ப வராது, படங்கள் வரும்.

அடுத்த முறை அந்தச் செய்தி வந்தால் எதையும் அழுத்தாமல் கேமராவை அணையுங்கள். கார்டின் தகடுகளை உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். கடற்கரை உப்புக் காற்றில் படியும் ஈரமே சில நேரம் காரணம். மைக்ரோ கார்டை அடாப்டரில் போட்டுப் பயன்படுத்தினால் தொடர்பு விட்டுப்போவது இன்னும் அதிகம். பயணத்துக்கு முழு அளவுக் கார்டே நல்லது. மற்ற காரணங்கள் நம் கையில் இருப்பவை: எழுதும் விளக்கு எரியும்போதே கதவைத் திறப்பது, பேட்டரி ஒரு கோட்டுக்கு இறங்கிய பின்னும் வீடியோ எடுப்பது. பாதி எழுதும்போது மின்சாரம் நின்றால் அட்டவணை குலைகிறது. முதல் கேள்வி கேட்ட கோவை வாசகரும் இதைக் கவனிக்க வேண்டும். குளிரால் கார்டுக்கு ஆபத்தில்லை, எஸ்.டி. கார்டு மைனஸ் 25 டிகிரி வரை தாங்கும். பேட்டரிதான் சட்டென்று இறங்கும். மாற்றுப் பேட்டரியைச் சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் வைத்திருங்கள்.

கேள்வி: இணையத்தில் 512 ஜி.பி. கார்டு நம்ப முடியாத விலைக்குக் கிடைத்தது. நல்லதுதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
- வாசகர், சேலம்

கணினி 512 என்று காட்டுவதை வைத்து நம்பாதீர்கள். 16 ஜி.பி. சில்லைப் போட்டு, 512 என்று பொய் சொல்லும்படி மாற்றி விற்கிறார்கள். முதல் 16 ஜி.பி. ஒழுங்காகப் பதியும். அதற்குப் பின் எழுதுவது காற்றில் போகும், அல்லது பழையதன் மேல் விழும். பெயர்ப் பட்டியலில் எல்லாப் படமும் இருக்கும், திறந்தால் சாம்பல் நிறப் பட்டைகள். பயணம் முடிந்து வீட்டில்தான் தெரியவரும் என்பதுதான் கொடுமை.

விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3. இரண்டும் இலவசம். கார்டு முழுவதையும் நிரப்பித் திரும்பப் படித்து, எவ்வளவு உண்மை என்று சொல்லும். 128 ஜி.பி.க்கு ஒரு மணி நேரம், 512-க்கு நாலைந்து மணி நேரம் ஆகும். கார்டு வாங்கிய வாரமே, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் செய்யுங்கள். கடையில் கைக்குக் கை வாங்கிய கார்டுக்கும் இந்தச் சோதனையைத் தவிர்க்காதீர்கள்.

கேள்வி: அப்பாவின் 2008-ம் ஆண்டு டிஜிட்டல் கேமராவில் 64 ஜி.பி. கார்டு போட்டால் எடுக்கவில்லை. பழுதா?
- வாசகர், தஞ்சாவூர்

இல்லை. அந்தக் காலத்துக் கேமரா அறிந்தது எஸ்.டி.எச்.சி. வகை, அதன் எல்லை 32 ஜி.பி. அதற்கு மேற்பட்ட எஸ்.டி.எக்ஸ்.சி. வகை 2009-ல்தான் வந்தது. 64 ஜி.பி.யை ஃபேட்32 முறைக்கு மாற்றிப் போட்டால் சில கேமராக்கள் ஏற்கும், ஆனால் பயணத்தில் அதை நம்பிப் போகாதீர்கள். 16 ஜி.பி. எஸ்.டி.எச்.சி. கார்டு ஒன்று வாங்குங்கள். 10 மெகாபிக்சல் ஜேபெக் ஒன்று 4 எம்.பி. என்றாலும் நாலாயிரம் படம் வரை கொள்ளும்.