கூடத்தில் வரும் குத்து ரிங்கில் வருவதில்லை

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நான் காசிமேட்டைச் சேர்ந்தவன், வயது 20. பள்ளி நாள்களிலிருந்தே குத்துச்சண்டை பழகி வருகிறேன். பயிற்சிக் கூடத்தில் என்னை மடக்க ஆள் இல்லை என்று உடன் பழகுபவர்கள் சொல்வார்கள். ஆனால் போட்டி என்று ரிங்கில் ஏறிவிட்டால் கிளவுஸ் கனக்கிறது, முதல் ரவுண்டு முடிவதற்குள் மூச்சு வாங்குகிறது. என் தாய்மாமா ஒரு காலத்தில் இந்தப் பக்கம் பேர் வாங்கிய பாக்ஸர். எனக்கு வாத்தியாரும் அவர்தான். முன்வரிசையில் இருந்து "உன்னால முடியும்டா" என்று அவர் கத்தும்போது, தோற்றுவிட்டால் அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்ற நினைப்புத்தான் எனக்கு வருகிறது. சென்ற போட்டியில் நான் தோற்றதும் அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டார். 'சார்பட்டா பரம்பரை' படத்தைப் பலமுறை பார்த்துவிட்டேன். அதன் நாயகன் கபிலனுக்கு வந்த தன்னம்பிக்கை எனக்கு ஏன் வரவில்லை? அது பிறவியிலேயே இருக்க வேண்டியதா? அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுக்கலாமா, விட்டுவிடலாமா?

இப்படிக்கு,
காசிமேட்டு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தில் மாமாவின் குரல் இருக்கிறது, முகம் இருக்கிறது, அவர் பேசாமல் போனதும் இருக்கிறது. உங்களை வென்றவர் உயரமானவரா, இடக்கைக்காரரா, எந்தக் குத்தில் உங்களை மடக்கினார் என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ரிங்கிலும் உங்கள் கவனம் இப்படித்தான் கயிற்றுக்கு வெளியே போய்விடுகிறது என்று நினைக்கிறேன்.

நீங்கள் சொன்ன படத்தையே எடுத்துக்கொள்வோம். பா. இரஞ்சித் இயக்கத்தில் 2021-இல் வெளியான அந்தப் படம், நெருக்கடி நிலைக் காலத்து வடசென்னையில் நடக்கிறது. கபிலனும் எதிரணி பாக்ஸர் டான்சிங் ரோஸும் மோதும் காட்சியை இன்னொரு முறை பார்ப்பதானால், அதில் கபிலன் எங்கே பார்க்கிறான் என்பதை மட்டும் கவனியுங்கள். ரோஸின் கால் எந்தப் பக்கம் போகும் என்று பிடிபடாதவரை அவன் அடி வாங்குகிறான். அந்த ஆட்டத்தின் போக்கு பிடிபட்ட பிறகுதான் அவனுடைய குத்து போய்ச் சேர்கிறது. தன் குரு ரங்கன் வாத்தியாரின் மானத்தைக் காக்க வேண்டும் என்ற வேகம் அவனை ரிங்கில் ஏற்றியது உண்மை. ஆனால் ரோஸை வீழ்த்த அந்த வேகம் மட்டும் போதவில்லை.

பிறவிக் குணமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படியிருந்தால் அதே கபிலன் பின்னாளில் சாராயத்தில் விழுந்து, உடம்பு தளர்ந்து, ஒன்றுக்கும் ஆகாதவனாக நின்றிருக்க மாட்டான்; பீடி ராயப்பன் என்பவரிடம் பயிற்சிக்குப் போய்க் கடற்கரையில் முதலிலிருந்து தொடங்கவும் வேண்டியிருந்திருக்காது. இந்த இடத்தில் விளையாட்டுப் படங்கள் மீது எனக்கு ஒரு மனக்குறை உண்டு. மாதக்கணக்கான உழைப்பை ஒரு பாட்டுக்குள் அடக்கிவிடுவதால் பார்ப்பவருக்கு வைராக்கியம் தெரிகிறது, உடம்பு ஒத்துழைக்காமல் வீட்டுக்குத் திரும்பிய நாள்கள் தெரிவதில்லை.

ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977-இல் எழுதிய கட்டுரையில், 'இதை என்னால் செய்ய முடியும்' என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு நான்கு ஊற்றுகளைச் சொன்னார்: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்றவர் செய்வதைக் காண்பது, பிறர் சொல்லும் ஊக்கமொழி, தன் உடம்பு காட்டும் குறிகளுக்குத் தான் கொள்ளும் பொருள். முதலாவதுதான் இவற்றில் வலுவானது. ஊக்கமொழிக்கு அந்த அளவு வலு கிடையாது. ஆகவே மாமா கத்தியும் பயன் இல்லையே என்று உங்கள் மனத்திடத்தை நொந்துகொள்ள வேண்டாம். செய்து முடித்த அனுபவம் உங்களுக்கும் இருக்கிறது, ஆனால் அது முழுவதும் பழகிய முகங்களோடு பழகிய கூடத்தில் கிடைத்தது என்பதால், முன்பின் தெரியாத ஒருவர் எதிரே நிற்கும்போது மனம் அதைச் சான்றாக எடுத்துக்கொள்ள மறுக்கிறது.

எனவே புதிய சான்று சேர்க்க வேண்டும். வியாசர்பாடி, இராயபுரம் என்று வேறு கூடங்களில் பழகுபவர்களோடு, நாலு பேர் சுற்றி நின்று பார்க்க, முழு மூன்று ரவுண்டு ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) செய்ய ஏற்பாடு கேளுங்கள். முதல் ரவுண்டில் உங்களுக்கு ஒரே வேலைதான்: எதிராளி ஜாப் (முன்கையால் நேராக விடும் குத்து) போட்ட பிறகு அவருடைய கை கன்னத்துக்குத் திரும்புகிறதா, மார்பளவிலேயே நின்றுவிடுகிறதா என்று பார்த்து, இடைவேளையில் கார்னரில் இருப்பவரிடம் சொல்ல வேண்டும். வென்றீர்களா என்ற கணக்கு அன்றைக்கு வேண்டாம். கிளவுஸ் கனப்பதற்குப் பெரும்பாலும் காரணம், பதற்றத்தில் தோளை இறுக்கி மூச்சை அடக்கிக்கொண்டு குத்துவதுதான். ஒவ்வொரு குத்துக்கும் மூச்சை வெளியே விடப் பழகினால் இரண்டாவது ரவுண்டுக்கும் வலு மிஞ்சும். ஏறுவதற்கு முன் நெஞ்சு படபடப்பது உடம்பு சண்டைக்கு ஆயத்தமாவதன் குறி. நன்றாக ஆடுபவர்களுக்கும் அது வரும்.

மாமா ஏன் எழுந்து போனார் என்று அவரை நீங்கள் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. கோபம் என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள் போலும். ஒரு மாலை அவரோடு உட்கார்ந்து, அவர் தோற்ற பந்தயங்களைப் பற்றிக் கேளுங்கள். பேர் வாங்கியவர்களிடம் அந்தக் கதைகளை யாரும் கேட்பதில்லை. அடுத்த முறை கத்துவதற்குப் பதில் ஒவ்வொரு இடைவேளைக்கும் ஒரே ஒரு குறிப்புச் சொல்லும்படியும் கேட்டுக்கொள்ளுங்கள்.

போட்டிக்குப் பெயர் கொடுங்கள். தூக்கமும் சாப்பாடும் தொடர்ந்து கெட்டுப்போனால் மட்டும் காத்திருக்காமல் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போய்ப் பாருங்கள். உங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை.

அன்புடன்,
உளவியல் ஆலோசகர்