பிசிக்ஸ் பயத்துக்காக பிசியோதெரபியை விட வேண்டுமா?

வணக்கம் அம்மா. மகளுக்கு பி.பி.டி. (பிசியோதெரபி இளநிலைப் பட்டம்) படிக்க ஆசை, ஆனால் பிசிக்ஸில் மார்க் குறைவு, அங்கே போனால் பயோமெக்கானிக்ஸ் என்று ஒரு பாடம் இருக்கிறதாமே என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது. உடல் அசைவுகளை விசைக் கணக்காகப் பார்க்கும் பாடம் அது. யாரோ உங்களைப் பயமுறுத்திய அளவுக்கு இல்லை.

அதன் அடிப்படை பத்தாம் வகுப்பில் அவள் படித்த திருப்புத்திறன்தான். விசையைத் தூரத்தால் பெருக்க வேண்டும், அவ்வளவே. முழங்கையை மடக்கி உள்ளங்கையில் 5 கிலோ அரிசிப் பையை வைத்திருக்கிறாள் என்று வையுங்கள். பை மூட்டிலிருந்து சுமார் 35 செ.மீ. தள்ளி இருக்கிறது; மேற்கைத் தசை பிடித்திருக்கும் இடமோ 5 செ.மீ.தான். ஆகவே தசை 35 கிலோ அளவுக்கு இழுக்கிறது, முன்கையின் சொந்த எடையைச் சேர்க்காமலே. இது மூன்றாம் வகை நெம்புகோல், அதாவது இழுக்கும் விசை மூட்டுக்கும் சுமைக்கும் நடுவில் இருக்கிறது. பலத்தில் நஷ்டம், வேகத்தில் லாபம்.

சூத்திரத்தை விட, நோயாளியின் உடம்பில் இதைப் பார்க்கத் தெரிவதுதான் முக்கியம். வலது இடுப்பில் வலி உள்ளவர் கைத்தடியை எந்தக் கையில் பிடிக்க வேண்டும்? பெரும்பாலோர் வலது கை என்பார்கள். சரியான விடை இடது கை. வலது காலில் மட்டும் நிற்கும்போது உடலின் ஈர்ப்பு மையம் அந்த மூட்டுக்கு இடப்புறம் விழுகிறது. இடுப்பு அந்தப் பக்கம் சரியாமல் இருக்க, வலது இடுப்பின் வெளிப்புறத் தசை இழுத்துப் பிடிக்க வேண்டும். தசை மூட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் ஏகப்பட்ட பலம் தேவை. மூட்டின் மேல் உடல் எடையைப் போல இரண்டரை, மூன்று மடங்கு சுமை ஏறும். இடது கைத்தடி மூட்டிலிருந்து வெகு தூரம். அங்கே லேசாக ஊன்றினாலே தசையின் வேலை நன்றாகக் குறையும்.

இந்த விளக்கத்தை மகளிடம் படித்துக் காட்டுங்கள். அப்புறம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, முன்னால் சாயாமலும் பாதத்தைப் பின்னுக்கு இழுக்காமலும் எழச் சொல்லுங்கள். முடியாது, ஈர்ப்பு மையம் பாதத்துக்கு மேல் வந்தால்தான் எழ முடியும். சிரித்துவிட்டுப் பாட்டி எப்படி எழுகிறார் என்று போய்ப் பார்த்தாளென்றால், பிசிக்ஸ் மார்க்கைப் பற்றி நான் அதிகம் கவலைப்பட மாட்டேன். சேர்க்கைக்கான தகுதி விதிகளை மட்டும் இந்த ஆண்டு அறிவிப்பிலேயே சரிபாருங்கள், மாறிக்கொண்டே இருக்கின்றன.

நான் கவலைப்படுவது வேறு இரண்டு விஷயம். நாள் முழுக்க நின்று, ஆளைத் தூக்கிப் பிடிக்கும் உடலுழைப்பு இது. தனியார் கிளினிக்குகளில் தொடக்கச் சம்பளமும் பெரும்பாலும் சொற்பம். விளையாட்டுப் பக்கம் ஆர்வம் இருந்தால், சென்னை மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தின் படிப்புகளையும் பாருங்கள்.

விண்ணப்பிக்கும் முன், பக்கத்து மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவில் ஒரு காலை நேரம் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். அவள் மட்டும் போகட்டும். நீங்கள் வெளியே இருங்கள்.